மூன்றாம் அத்தியாயமும் மில்லிங் மெஷினும்

ஜூன் 14, சனி

மெஷின் வந்துவிட்டது. மௌலா அலி பக்கம் குடியிருக்கும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பொம்மை ரயில் இன்ஜின் செய்வதற்காக வைத்திருந்தது. தையல் மெஷினை யாரோ கோபத்தில் நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு தோற்றம். எழுபது கிலோ. மூன்று மாடி. லிஃப்டில் ஏற்ற வாட்ச்மேன் விடவில்லை.

இரும்பு மேசையில் அலுமினியத்தைப் பிடித்து வைக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் மேசை நகரும். மேலே சுழலும் கத்தி சீவும். அவ்வளவுதான்.

"இனிமே கையால சுத்த வேணாம்" என்றான் சுதர்சன். "மூணு மோட்டார், ஒரு போர்டு, என் பழைய லேப்டாப். கம்ப்யூட்டரே ஓட்டும். ரெண்டு வீக்கெண்ட் வேலை."

கல்யாணமாகிப் பத்து மாதம். பால்கனியில் கொடி கட்டுவதும் இரண்டு வீக்கெண்ட் வேலைதான். இன்னும் நாற்காலியில்தான் துணி காய்கிறது.

அத்தை வந்து பார்த்தார். "என்னடா இது?"

"ஆபீஸ் ப்ராஜெக்ட்மா."

பொய். அத்தை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மெஷினுக்குக் கிடைத்த இடம்: என் படிப்பறை. என் தீசிஸின் மூன்றாம் அத்தியாயம் எழுதப்பட வேண்டிய அறை.

ஜூன் 15

மூன்றாம் அத்தியாயம் – ஒரு வாக்கியம். மாலையில் அதையும் அடித்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டு வீக்கெண்டும் முடிந்தன. சுதர்சனுக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸாம். ஒரே ஒரு மோட்டாரைத் தலைகீழாகப் பொருத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

அதை நேராக்கலாமே என்று கழற்றினேன். துளைகள் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தன. அரத்தை எடுத்தேன். அரைமணி நேர வேலை என்று நினைத்தேன். அத்தை சாப்பிடக் கூப்பிட்டபோது மூன்று மணி.

"எழுதினியாம்மா?"

"எழுதினேன் அத்தை."

ஏன் அப்படிச் சொன்னேன்? கேட்ட வேகத்தில் வந்துவிட்டது. விரல் இடுக்கில் கறுப்பு. பேனா மை என்று நினைத்திருப்பார். யார் இப்போது பேனாவில் எழுதுகிறார்கள்?

ஜூலை 9, புதன்

ஆய்வு வழிகாட்டியிடமிருந்து மின்னஞ்சல். அக்டோபர் முடிவதற்குள் மூன்றாம் அத்தியாயம் வராவிட்டால் பதிவை நீட்டிக்கப் பரிந்துரைக்க மாட்டாராம்.

ஆய்வின் கேள்வி: ஒரு செயலில் நோக்கம் எங்கே இருக்கிறது? நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கே அலுத்துவிட்டது.

இரண்டாவது மோட்டாரைப் பொருத்தினேன்.

ஜூலை 17, வியாழன்

முதல் அசைவு!

பத்து மில்லிமீட்டர் போ என்று கட்டளை கொடுத்தேன். நாற்பது போனது. எதிர்த் திசையில்.

என் சொல்லை இவ்வளவு சுறுசுறுப்பாக யாரும் மீறியதில்லை. தனியாகச் சிரித்தேன். வெளியே அத்தையின் காலடி நின்றது. பிறகு நகர்ந்தது. தத்துவம் படிக்கிறவர்கள் தனியாகச் சிரிப்பது வழக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

மாரேட்பள்ளியில் இருக்கும் தங்கையோடு அத்தை ஃபோனில், 'ஆமாம்' என்பதற்கு இந்த ஊர் 'ஹவ்' போட்டு:

"ஹவ், கம்ப்யூட்டர் மெஷின். எங்க சுதர்சன் செய்யறான். எல்லாம் அவனேதான்... அலமுவா? அது பாவம், கதவைச் சாத்திண்டு எழுதிண்டே இருக்கு. சீக்கிரம் டாக்டர் ஆயிடும்."

அவனுக்குப் பெயர். எனக்குச் சாத்திய கதவு. நியாயமான ஏற்பாடுதான். பிறகு ஏன் காது எரிகிறது?

அவனிடம் சொன்னேன். "நான்தான் செய்யறேன்னு அத்தைகிட்ட சொல்லு."

"சொல்லிடலாம். அப்ப தீசிஸ் என்ன ஆச்சும்பாங்க. அதுக்கு நீ பதில் சொல்லுவியா?"

அவன் நல்லவன்தான். நல்லவர்கள் சரியான கேள்வியைக் கேட்கும்போது எதையாவது தூக்கி அடிக்கவேண்டும் போலிருக்கிறது.

ஜூலை 31

அத்தை கேட்டார்: "சுதர்சன் ஆபீஸ் போயிட்டானே. மெஷின் சத்தம் எப்படி வருது?"

"ஆபீஸ்ல இருந்தே ஓட்டறான் அத்தை. கம்ப்யூட்டர்ல."

"ஹவ்வா" என்றார். கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

சொன்ன பிறகுதான் பொய்யின் முழு நீளம் தெரிந்தது. செக்கந்திராபாத்தில் இருக்கும் அத்தையின் தங்கை வரை போகும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதல் வட்டம். அலுமினியத் தகட்டில் நாற்பது மில்லிமீட்டர் விட்டத்தில் வெட்டச் சொன்னேன். முட்டை வந்தது.

மறுபடியும். முட்டை.

அத்தை அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சோப்பு வைக்கறதாடா?" என்று மகனைக் கேட்டார். "ஆமாம்மா" என்றான், படுபாவி. இப்போது அது குளியலறையில் இருக்கிறது.

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். மேசையை நகர்த்தும் திருகில் தளர்ச்சி. ஒரு பக்கம் சுற்றிவிட்டு மறுபக்கம் திருப்பினால், திருகு கொஞ்ச தூரம் சும்மா சுற்றும். பிறகுதான் மேசை அசையும். கையால் ஓட்டியவர் இதற்குப் பழகியிருப்பார். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிறுத்தியிருப்பார். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. சொன்னது நடந்துவிட்டது என்று நம்பிவிடுகிறது.

நோக்கத்துக்கும் நகர்வுக்கும் நடுவில் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வெறுமை. அளந்தேன். நான்கு வருடமும் இருநூறு நூல்களும் அளக்காததை ஒரு டயல் கேஜ் ஐந்து நிமிடத்தில் அளந்துவிட்டது.

இதை எழுதலாம். எழுதவில்லை. திருகைக் கழற்றினேன்.

ஆகஸ்ட் 6

"எதுக்குக் கழட்டறே? சாஃப்ட்வேர்ல சரி பண்ணிடலாம்" என்றான். திருகை மறுபடி மாட்டினேன். ஒரு எண்ணைச் சேர்த்தான். திரும்பும்போதெல்லாம் அந்த வெறுமையை வேகமாகத் தாண்டிவிடச் சொல்லும் எண்.

இப்போது வட்டத்தில் நான்கு பருக்கள். சம இடைவெளியில்.

"கிட்டத்தட்ட" என்று சொல்லிவிட்டு மகிழ்ச்சியாக ஆபீஸ் போனான்.

ஆகஸ்ட் 23, சனி

நாச்சாரத்தில் அலுமினியத் துண்டு வாங்கப் போன இடத்தில் சுதர்சன் பெருமை அடித்திருக்கிறான். பட்டறைக்காரர் நூர் முகமதுவை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஐம்பது வயது. வாணியம்பாடிக் குடும்பம், பிறந்தது இங்கே.

மாத்திரை அட்டை போடும் இயந்திரத்துக்கு ஒரு வளையம் வேண்டுமாம். நடுவில் வட்டக் குழி, அதில் ஒரு பேரிங் உட்காரவேண்டும். வாரம் முப்பதுதான். பெரிய பட்டறைகள் இவ்வளவு சின்ன வேலையைத் தொடுவதில்லை.

"தம்பி, கட்டைவிரலால அமுக்கினா பேரிங் உள்ளே போவணும். சுத்தியால தட்டணும்னா நக்கோ, வேணாம். லொடலொடன்னாலும் நக்கோ. அக்டோபர்ல வர்றேன், என் முன்னாடி ஒண்ணு வெட்டிக் காட்டுங்க. சரியா இருந்தா வேலை உங்களுதுதான்."

சுதர்சன் தலையாட்டினான். எனக்கு அவர் டீ டம்ளரைத் தந்தார். உள்ளே கொண்டுபோய் வைப்பதற்கு.

வைத்தேன். சமையலறையில் நின்று முடிவு செய்தேன்: அந்த பேரிங் உள்ளே போகும். யார் பெயரில் போனாலும்.

யார் பெயரில் போனாலுமா?

செப்டம்பர் 12

பழைய திருகுகளைத் தூக்கிவிட்டேன். புதியவற்றில் குண்டுகள் உருளும், தளர்ச்சி இல்லை. மூன்று வாரம், இரண்டு நகங்கள், ஒரு துப்பட்டா.

வட்டம் வந்துவிட்டது. வட்டமாகவே.

மூன்றாம் அத்தியாயம்: தலைப்பை மாற்றினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மெஷினுக்குப் பேய் பிடித்திருக்கிறது.

நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று நின்று, மேசை ஓரத்தில் முட்டிவிட்டது என்று சொல்லும். மேசை நடுவில் இருக்கும். முட்டினால் நிறுத்துவதற்கென்று ஓரத்தில் இருக்கும் சுவிட்சை யாரும் தொடவே இல்லை! காலை எட்டுக்கு ஒருமுறை. பதினொன்றுக்கு மூன்று முறை.

செப்டம்பர் 24

சுவிட்சை மாற்றினேன். போர்டை மாற்றினேன். நிற்கிறது. சனியனே, எதைத்தான் முட்டினே? சொல்லித் தொலையேன்!

செப்டம்பர் 25

கதவு திறந்தது. அத்தை. அவசரமாகத் தீசிஸ் கோப்பைத் திறந்து திரையை மறைத்தேன். மெஷின் நின்றுபோயிருந்தது. கத்தி பாதி வட்டத்தில்.

"நான் மிக்ஸி போடறப்பல்லாம் அது நிக்குது. கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. ஒரு வாரமாக, சட்னிக்கு ஒருமுறை, மசாலாவுக்கு மூன்றுமுறை.

"சுதர்சன்கிட்ட சொல்றேன் அத்தை."

"சொல்லு சொல்லு. ஆபீஸ்ல இருந்து ஓட்டறவனுக்கு நம்மாத்து மிக்ஸி எப்படித் தெரியும்."

போய்விட்டார். முகத்தைப் படிக்க முடியவில்லை. என் நூல்களைவிடக் கடினம்.

மிக்ஸியின் மின்சார இரைச்சல் சுவிட்ச் கம்பியில் ஏறுகிறது. கவசம் போட்ட கம்பி வாங்கி மாட்டினேன். அத்தை வெறும் மிக்ஸியை ஓட்டித் தந்தார். மெஷின் நிற்கவில்லை. அவரை எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. "சுதர்சன் ஓட்டிப் பார்க்கச் சொன்னான்" என்றுதான் இருக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதியே ஆகவேண்டும்.

நூர் முகமது வந்தார். சட்டைப் பையில் பேரிங், கைக்குட்டையில் சுற்றி. சுதர்சன் லேப்டாப் முன்னால் நின்றான். எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று காலையில் ஐந்துமுறை சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் காபித் தட்டுடன் வாசலில். அத்தை எனக்குப் பின்னால்.

அவன் அழுத்தினான்.

வெட்டுவதற்கு முன்னால் துண்டு எங்கே இருக்கிறது, பூஜ்யம் எந்த மூலை என்று மெஷினுக்குக் காட்டவேண்டும். அதை மறந்துவிட்டான். கத்தி அலுமினியத்தை விட்டுவிட்டு, அதைப் பிடித்திருக்கும் இரும்புப் பிடியை நோக்கிக் கிளம்பியது. சுதர்சன் அதைப் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தான்!

தட்டு எங்கே போனதோ தெரியாது. சிவப்புப் பொத்தானை அறைந்தேன்.

"ஜீரோ வெக்காம ஓட்டுவாங்களாடா! கத்தி போயிருக்கும்! ஸ்பிண்டில் போயிருக்கும்! மூணு வாரம் உயிரைக் குடுத்து மாட்டினேன் அந்த ஸ்க்ரூவை! நீ ஒருநாளாவது அதைத் தொட்டிருக்கியா?"

கத்தி இரும்புக்கு ஒரு அரிசி அகலம் மேலே.

நூர் முகமது குனிந்து டம்ளரை எடுத்து வைத்தார். "அரே, அப்ப உஸ்தாத் நீங்கதானா? எதுக்கு அன்னிக்கு எனக்கு டீ குடுத்துட்டிருந்தீங்க?"

யாரையும் பார்க்கவில்லை. பூஜ்யம் வைத்தேன். ஓட்டினேன். இருபத்திரண்டு நிமிடம், நான்கு பேரும் நின்றபடி. குழியைத் துடைத்தேன். அவர் பேரிங்கை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். கொஞ்சம் நின்றது. பிறகு மூச்சு விடுவதுபோல ஒரு சத்தத்துடன் உள்ளே இறங்கியது.

"வேலை உங்களுது மேடம். ஒரே கண்டிசன். ஓடுறப்ப பக்கத்துல ஆள் உக்காந்திருக்கணும். எழுந்து போயி டிவி பாத்தா தெரிஞ்சிடும் எனக்கு."

அவர் போனார். அத்தையை நோக்கித் திரும்பினேன்.

"அத்தை, நான்..."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"தலகாணி உறையெல்லாம் நான்தானே தோய்க்கறேன். ஜூலைலேர்ந்து உன் உறைல மினுமினுன்னு அலுமினியத் தூள். அவன் உறைல தேங்காயெண்ணெய்தான்."

சுதர்சன் தலையைத் தடவிக்கொண்டான்.

"மெஷின் ஓட்டினதுக்கு ஒண்ணுமில்ல. ஆபீஸ்ல இருந்தே ஓட்டறான்னியே. என்னை என்னன்னு நெனச்சே?" குரல் உடைந்தது. "அந்த அத்தியாயம் எத்தனை பக்கம் ஆச்சு? உண்மையைச் சொல்லு."

"தலைப்பு மட்டும்தான் அத்தை."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த வீட்டில் சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் இருப்பது இதுதான் முதல்முறை.

அக்டோபர் 13

ரசம். வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 14

ரசம். சுதர்சனுக்கும் சேர்த்து. அது சிறு ஆறுதல்.

அக்டோபர் 15, புதன்

காலையில் ஃபோனில், தங்கையிடம்: "இல்லடீ, அவன் வாங்கிண்டு வந்ததோட சரி. செஞ்சதெல்லாம் அலமுதான். ஹவ், எனக்கு அப்பவே தெரியும். பின்னே?"

வைத்துவிட்டு என்னிடம் நேராக வந்தார்.

"டாக்டர்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். திருப்பி வாங்க முடியாது. எழுதி முடி. வாசல்ல போர்டு மாட்டணும். போர்டை நீயே வெட்டிக்கோ."

"மன்னிச்சுடுங்க அத்தை."

"இன்னிக்கு வத்தக்குழம்பு" என்றார்.

வழிகாட்டிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். முட்டையின் படத்தையும் சேர்த்து.

அக்டோபர் 21

பதில்: "டிசம்பர் வரை. அந்தத் தளர்ச்சியைப் பற்றி எழுதுங்கள்."

நவம்பர் 4, செவ்வாய்

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. கம்ப்யூட்டர் ஓட்டும்போது மனிதனுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் எழுந்து போகவும் கூடாது. துண்டுக்கு இருபத்திரண்டு நிமிடம். லேப்டாப் மெஷினுக்கு. கைபேசியில் தூள் விழும். கண் கத்தியிலேயே இருக்கவேண்டியதில்லை, காது போதும். சத்தம் மாறினால் தெரிந்துவிடுகிறது.

நான்கு துண்டு வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில், வேறு வழி இல்லாமல், ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் எடுத்தேன்.

நவம்பர் 6

ஏழு துண்டு. ஒரு பக்கம்.

நவம்பர் 11, செவ்வாய்

ஒன்பது துண்டு. மூன்றரைப் பக்கம். ஒன்றைத் தூக்கிப் போடவேண்டியதாயிற்று. பக்கத்தைத்தான்.