துண்டுக்குள் பிடித்த விரல்

மாப்பிள்ளை,

உன் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, தங்கச்சி நீ தரகு பேசும் பச்சைத் துண்டை என்னிடம் கொடுத்தனுப்பினாள். துவைத்துத்தான் கொடுத்தாள். ஆனாலும் மடிப்பை விரித்தால் மூக்குப்பொடியும் மாட்டுச் சாணமும் மணக்கிறது.

நேற்று டீக்கடையில் பேப்பர் படித்த பயல்கள், "துண்டுக்குள்ள பேசி முடிச்சிட்டாங்கன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன மாமா?" என்று கேட்டார்கள். இந்தக் கோவில்பட்டியில் அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் ஏது? மாட்டுச்சந்தையில் தரகர் கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்தே விலை சொல்வார். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. அதுதான் கமுக்கமாய் முடிக்கும் காரியத்துக்கெல்லாம் பேராகிவிட்டது என்றேன். அதோடு விட்டேனா? பாளையக்காரர் காலத்தில் என் பூட்டன் துண்டுக்குள் ஒரு யானையையே விலை பேசி முடித்தார் என்றேன். நீ இருந்தால், "போன தடவ குதிரைன்னுதான சொன்ன?" என்றிருப்பாய்.

என் மாடுகளின் கதையை மட்டும் சொல்லவில்லை.

மழை பொய்த்த வருஷம் செவலையையும் மயிலையையும் சந்தைக்கு ஓட்டி வந்தேன். உழவுக்கென்றால் கொடுங்கள், வெட்டுக்குக் கூடாது என்று என் வீட்டுக்காரி சத்தியம் வாங்கியிருந்தாள். நாலு ஜில்லாவிலும் அப்படி ஒரு ஜோடி கிடையாது. ஆனால் பல் தேய்ந்துவிட்டது.

"பசுவந்தனைக்கு உழவுக்குப் போகுது மாப்ள" என்று சந்தையே கேட்கச் சொன்னாய். துண்டுக்குள் நீ பிடித்த விரல்கள் வேறு சொல்லின. கிழட்டு மாட்டுக்கு ஏர் உழுகிற எந்தச் சம்சாரி அவ்வளவு விலை தருவான்? விற்கிறவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்ள, வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவருவதுதான் நம் வழக்கம். வந்தவன் கையில் கயிறே இல்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடம்பூரில் லாரிக்காரன் ஒருவன், அன்று ஏற்றியதெல்லாம் வெட்டுக்குத்தான் என்றான். உன்னைத் தனியே இழுத்துப் போய், சதிகாரா, துரோகி என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நீ ஒன்றுதான் சொன்னாய்.

"விரலப் பிடிச்சப்ப நீ கைய உருவலையேல."

அதற்கப்புறம் மூன்று வருஷம் உன்னோடு பேசவில்லை. நீ படுத்த படுக்கையாய்க் கிடந்தபோதும் வரவில்லை.

வீட்டில் வேறு கதை சொல்லியிருந்தேன். பசுவந்தனைக்காரர் மாடு இரண்டுக்கும் மாலை போட்டு, மேளம் வைத்துக் கூட்டிப்போனார் என்று. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் அவள் இன்றைக்கும் புஞ்சைகளை எட்டிப் பார்க்கிறாள். துண்டைக் கண்டதும் கேட்டாள்:

"இவிய சாவுக்கு அந்தப் பசுவந்தனை அண்ணாச்சி வந்திருந்தாவளா?"

"ஆளுயர மாலையோட வந்தாரு."

"மாடுக?"

"மயிலை ஓஞ்சுபோச்சாம். செவலை இன்னும் ஏர் இழுக்குதாம்."

சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். நான் துண்டை மடியில் விரித்து உள்ளே கையை விட்டேன். நீ அழுத்திய விரல்கள் இன்னும் அழுந்துகின்றன. அன்றைக்கு நீ கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாய், மாப்பிள்ளை. உருவ நேரம் இருந்தது.