எனக்குக் கார்டியன் என் மகள்

செப்டம்பர் 2, திங்கள்

ஐம்பத்திரண்டு வயதில் முதல் பெஞ்ச். கடைசி பெஞ்சில் உட்காரத்தான் பார்த்தேன். இளவட்டங்கள் முன்பே வந்து பிடித்துவிட்டார்கள். எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் கடைசி பெஞ்சின் அருமை தெரிந்துதான் இருக்கிறது.

டீச்சர் உள்ளே வந்ததும் சடாரென்று எழுந்து நின்றுவிட்டேன். நான் ஒருவன் மட்டும். ஏதோ கேட்கப் போகிறேன் என்று அவர் காத்திருந்தார். உட்காரச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். வகுப்பே எங்கள் இருவரையும் வேடிக்கை பார்த்தது.

டீச்சருக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மேடம் கீடமெல்லாம் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்கிறார். டீச்சரைப் பெயர் சொல்லியா? எனக்கு நாக்கு எழும்புமா?

பள்ளி ஆபீஸில் இருக்கும் பெண், அவசரம் என்றால் யாருக்குப் போன் செய்வது என்று கேட்டாள். மனைவிக்கு ஆங்கிலம் வராது. மகள் நம்பரைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "கார்டியன், மகள்" என்று சத்தமாக வாசித்தாள். பின்னால் எவனோ சிரித்தான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நான் ஏன் இங்கே வந்தேன்? சொல்லப்போனால் வாய்க்கொழுப்புதான்.

மகாராணிக்கு (என் மகளைத்தான் சொல்கிறேன்) டிகிரியில் ஒரே ஒரு பேப்பர் பாக்கி. கணக்கு. ரெண்டு மார்க்கில் போய்விட்டது. "ரெண்டு மார்க்குதானே, திரும்ப உக்காந்து எழுதினா முடிஞ்சுது" என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நவம்பரில் எழுதாவிட்டால் இனி எழுதவே முடியாதாம். நான் வாயைத் திறந்தாலே, "சொல்றது சுலபம்ப்பா. இந்த வயசுல நீங்க ஒரு கிளாஸ்ல உக்காந்து பாஸ் பண்ணிக் காட்டுங்க, நான் எழுதறேன்" என்பாள்.

முப்பது வருடமாக எனக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. இப்போது வருகிற லிஃப்டுக்கெல்லாம் ஸ்பேனரை விடக் கம்ப்யூட்டர்தான் அதிகம் வேண்டியிருக்கிறது. அதைப் படிக்க மூன்று மாதம் வெளிநாடு அனுப்புகிறோம், யார் போகிறீர்கள் என்று கம்பெனியில் கேட்டார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ரோஷத்தில் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

அடுத்த வாரக் கடைசியில் முதல் பரீட்சை. தோற்றால் இன்னொரு தடவை எழுதலாம். அதிலும் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நான் பெட்டியோடு போய் நின்றால் அவள் பேனாவையே தொட மாட்டாள்.

செப்டம்பர் 4, புதன்

இன்றும் எழுந்து நின்றேன். என் ரூமில் தங்கியிருக்கும் நெட்டைப் பையனும் நின்றான், கேலிக்கு.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்று மொத்த வகுப்பும் நின்றது. டீச்சர் பயந்துவிட்டார்.

நெட்டை இன்னொரு வேலையும் செய்திருக்கிறான். மகள் போனில் "அப்பா, அப்பா" என்பதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டான். வகுப்பு முழுக்கப் பரப்பிவிட்டான். டீச்சர்கூட "அப்பா, ஆர் யூ ஓகே?" என்கிறார். தடுக்க மனசு வரவில்லை.

அவர் என்னைக் கூப்பிட வழி பிறந்துவிட்டது. நான் அவரை எப்படிக் கூப்பிடுவது? பாடத்தில் ஒரு இடம் புரியவில்லை. பெயர் சொல்ல வாய் வராமல் லேசாக இருமினேன். திரும்பிப் பார்த்தார், கேட்டேன், சொல்லிக்கொடுத்தார். அட, நல்ல வழியாக இருக்கிறதே என்று நாள் முழுக்க இருமினேன். எனக்குச் சந்தேகங்கள் ஜாஸ்தி.

சாயங்காலம் டீச்சர் இருமல் மிட்டாய் ஒரு டப்பாவும் திங்கள்கிழமை லீவும் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவும் முதலில் கூப்பிட்டாக வேண்டுமே!

செப்டம்பர் 9, திங்கள்

லீவு கிடைத்த பையன் வீட்டிலா இருப்பான்? இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் அண்ணாந்து பார்க்கிற கட்டடம். ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். லிஃப்டில்தான். என்ன வேகம், என்ன அமைதி! உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் அலுங்காது. நாலாவது கட்டடத்தில் காவலாளி, எந்த ஆபீஸுக்குப் போகிறாய் என்றான். எந்த ஆபீஸும் இல்லை, மேலே போய்விட்டுக் கீழே வருவேன் என்றேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, கூடவே ஏறிக்கொண்டான்.

உச்சியில் கண்ணாடிச் சுவர் ஓரம் நின்றிருந்தபோது மகாராணியின் வீடியோ கால்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"ரூம்லதாம்மா. படுத்திருக்கேன்."

"படுத்திருக்கறவருக்குப் பின்னாடி எதுக்குப்பா மேகம் போகுது?"

பள்ளியிலிருந்து அவளுக்குப் போன் போயிருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு மோசமான இருமல், ஓய்வெடுக்க அனுப்பியிருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பாவம், கடையிலிருந்து பதறியடித்து வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள்.

"இருமலா? எங்க, இருமுங்க பாப்போம்."

இருமினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

சமையல்கட்டிலிருந்து மனைவியின் குரல்: "பொய் இருமல்டி அது! அவரு நெஜமா இருமினா பக்கத்து வீட்டு நாய் குலைக்கும்!"

காவலாளிக்கு மொழி தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கார்டியன் உத்தரவு: தினமும் சாயங்காலம் நோட்டை வீடியோவில் காட்ட வேண்டும். இன்று காட்டினேன்.

"கையெழுத்தாப்பா இது? எறும்பு மையில விழுந்து எழுந்து போன மாதிரி இருக்கு."

அவள் மூன்றாவது படிக்கும்போது நான் சொன்னதுதான். எத்தனை வருடமாக வைத்திருந்து திருப்பித் தருகிறாள் பாருங்கள்.

செப்டம்பர் 13, வெள்ளி

எழுதினேன். சுமார். சுமாருக்கும் கொஞ்சம் கீழே.

செப்டம்பர் 16, திங்கள்

முப்பத்தெட்டு. பாஸ் மார்க் நாற்பது.

நெட்டை பாஸ். அவன் எப்போதும் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் கொறிப்பவன், யாருக்கும் ஒன்று தரமாட்டான். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் முழுப் பாக்கெட்டும் என் தலையணை மேல் இருந்தது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் படுத்திருந்தான்.

வீட்டுக்குச் சொல்லவில்லை. "நெட்வொர்க் சரியில்லை" என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். செய்தி போக நெட்வொர்க் வேண்டுமே என்று அனுப்பிய பிறகுதான் தோன்றியது.

செப்டம்பர் 17, செவ்வாய்

கார்டியனுக்குத் தெரியாமல் எதை மறைக்க முடியும்? ஆபீஸ் பெண் சொல்லிவிட்டாள்.

"எத்தனைப்பா?"

"முப்பத்தெட்டு."

"பாஸுக்கு?"

"நாப்பது."

"ரெண்டு மார்க்குதானே. திரும்ப உக்காந்து எழுதினா முடிஞ்சுது."

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "ரெண்டு மார்க்குன்னா சும்மாவா? மண்டையை ஒடச்சுக்கிட்டுப் படிச்சவனுக்குத்தான் தெரியும். எவன் மூஞ்சியும் பாக்கப் பிடிக்கலை, சோறு எறங்கலை, ஊர்ல எல்லாரும் பாஸ், நான் ஒருத்தன்தான் முட்டாள்னு... நீ என்னமோ சுலபமா..."

பாதியில் வாய் நின்றுவிட்டது.

அந்தப் பக்கம் ஏதோ விம்முவதுபோல் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்தாள். வீட்டில் கேட்டு ஒரு வருடமான சிரிப்பு.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் சொல்லுங்கப்பா. கேக்க நல்லாருக்கு."

"போதும்மா."

"சோறு எறங்கலைன்னீங்களே, அது நிஜமா?"

"ஒரு பாக்கெட் பிஸ்கட் எறங்குச்சு."

மறுபடி சிரித்தாள். துணிந்து கேட்டேன்: "அப்போ பந்தயம்?"

"வெள்ளிக்கிழமை திரும்ப எழுதணும்ல? முதல்ல அதைப் பாருங்க." வைத்துவிட்டாள்.

மனைவி தனியாகக் கூப்பிட்டாள். "ஏங்க, ரெண்டு பேரும் என்ன பேசினீங்க? இவ பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே பாத்திரம் கழுவறா. கழுவறதே அதிசயம்."

செப்டம்பர் 18, புதன்

பாடத்தில் ஒரு சந்தேகம். இரும வாயைத் திறந்தேன். டீச்சர் மிட்டாய் டப்பாவை எடுத்தார். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று பாடத்தில் விரலை வைத்து, "இது புரியலைம்மா" என்று தமிழிலேயே விட்டேன். வீட்டில் மகளிடம் பேசுகிற வாய்தானே, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவர் பாட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்னை அப்பா என்கிறவரை வேறெப்படிக் கூப்பிடுவது? இதற்கா இத்தனை நாள் இருமித் தொலைத்தேன்?

மதியத்துக்குள் நாலு தடவை "ம்மா" போட்டேன். நாலு சந்தேகமும் தீர்ந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

எழுதினேன். எழுதியது எனக்கே புரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 23, திங்கள்

ஆபீஸ் பெண் என்னைக் கூப்பிட்டு முறைத்தாள். ரிசல்ட் சொல்லலாம் என்று காலையிலிருந்து கூப்பிடுகிறாளாம், என் கார்டியன் போனையே எடுக்கவில்லையாம். அதனால் பேப்பரை என்னிடமே நீட்டினாள். பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். வாசலுக்கு ஓடி வந்து மகளைக் கூப்பிட்டேன். மனைவி எடுத்தாள். கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"மெதுவாப் பேசுங்க. அவ உள்ள இருக்கா."

"போன் எப்படி உன்கிட்ட?"

"சனிக்கிழமையே குடுத்துட்டா. கடைக்கும் லீவு போட்டுட்டா. கணக்குப் புஸ்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு, யாரும் கதவைத் தட்டக் கூடாதுங்கறா."

"சனிக்கிழமையேவா? எனக்கு இப்பத்தானே ரிசல்ட்டு..."

"அதெல்லாம் அவ கேக்கலை."

"சரி, அவகிட்ட ஒரே ஒரு விஷயம் மட்டும்..."

"எதுவானாலும் சாயங்காலம் சொல்லிக்கலாம். படிக்கற புள்ளைய தொந்தரவு பண்ணாதீங்க." வைத்துவிட்டாள்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். அறுபத்தொன்று.