நல்ல காலிலிருந்து எடுத்த நரம்பு

என் சாந்தாக் கண்ணுக்கு,

செத்தவர்களுக்குக் காது கேட்கும் என்று நான் நம்பாதவள். உனக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நல்ல காலை டாக்டர் அறுத்ததால்தான் அம்மா போய்விட்டாள் என்று உன் மகள் கவிதா இன்றும் நம்புகிறாள். வீட்டில் அவளுக்குச் சொல்லிவைத்திருப்பது அதைத்தான்.

பீளமேட்டில் பஸ் மோதி உன் முட்டி பெயர்ந்த அன்று காலை, பாதம் சில்லிட்டுக் கிடந்தது. முட்டிக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்துவிட்டது, அடிபடாத காலிலிருந்து தோலடியில் ஓடும் ஒரு ரத்த நரம்பை எடுத்து ஒட்டுப்போட வேண்டும், தாமதித்தால் சதை செத்துவிடும் என்றார் டாக்டர். அந்த நரம்பு இல்லாவிட்டாலும் நல்ல காலுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார்.

"எடுத்துக்கட்டுமுங்க" என்றாய் நீ. உன்னை யார் கேட்டார்கள்?

உன் வீட்டுக்காரர், காரமடையிலிருந்து தன் அண்ணன் வந்தால்தான் கையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டார். வந்த அண்ணன் சத்தம் போட்டார்.

"ஏனுங்க டாக்டரே, அடிபட்ட காலுக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா நல்ல காலயும் அறுக்கறேங்கறீங்க? ரெண்டும் போச்சுன்னா ஊட்டு வேலைய ஆருங்க பாக்கறது?"

சாந்தாவே சரி என்கிறாளே என்று நான் குறுக்கே பேசினேன். "பாடம் நடத்தறதயெல்லாம் காலேஜோட வெச்சுக்கங்க அம்மணி" என்றார்.

பங்காளிகளுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டு அவர்கள் சம்மதித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒட்டுப்போட்டார்கள். "பாதம் சூடாயிருச்சுக்கா" என்று நீ சிரித்தாய். ஆனால் அதற்குள் செத்துப்போயிருந்த சதையின் நஞ்சு, திரும்ப ஓடிய ரத்தத்தில் கலந்து உன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. நல்ல காலில் போட்ட தையலில் ஒரு சொட்டுச் சீழ்கூட இல்லை, சாந்தா.

போன மாதம் அந்த அண்ணனுக்கு நெஞ்சில் அடைப்பு. பைபாஸ் செய்தார்கள். பார்க்கப் போனேன். வேட்டியை விலக்கிக் கால் தழும்பைக் காட்டினார்.

"இங்கிருந்து நரம்ப எடுத்து நெஞ்சுல வெச்சுட்டாங்க அம்மணி. காலுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாருங்க. உடனே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"சாந்தாவுக்கும் அதையேதானுங்க சொன்னாங்க."

"அது வேறயுங்க."

பக்கத்தில் அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த கவிதா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உன் வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீ சரி என்று சொன்னதையும், அதை யாரும் காதில் வாங்காததையும் சொல்லப்போகிறேன். அப்பனை வெறுப்பாளோ, இத்தனை நாள் வாயை மூடியிருந்தாயே பெரியம்மா என்று என்னையே வெறுப்பாளோ, தெரியாது. ஆனால் யார் பெயரையும் மறைக்கமாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
அக்கா