குழம்பில் கிடந்த முடி

மாப்ள,

இன்றைக்கு மத்தியானம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாகத் திறந்திருக்கிற ஒரு கடையில் பரோட்டா தின்ன உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் தின்றவர் சிந்திய சால்னாவைக் கடைக்காரர் ஒரு ஈரத்துணியால் துடைத்தார். துடைத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அந்த மூலையில் கிடந்த சால்னாவை இந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார், அவ்வளவுதான். மேசை காய்வதற்குள் அந்தத் துணியின் வாடை எழும்பி மூக்கில் ஏறியது பார், மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கு மாதிரி. என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்ப் போனை எடுத்துவிட்டது. உன் பெயரைத் தேடிப் பிடித்து அமுக்கப் போகும்போதுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது.

பரோட்டா நேற்றையது. சால்னா அதற்கும் மூத்தது. இலை என்று ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டார், அதில் வாழை நரம்பு மாதிரிக் கோடெல்லாம் அச்சடித்திருந்தது. சால்னா சூட்டுக்கு அந்தப் பச்சை இளகிப் பரோட்டாவின் அடியில் ஒட்டிக்கொண்டது. வெங்காயத் தயிர் புளித்து நுரை கட்டியிருந்தது. கை கழுவப் போனால் தொட்டியில் முந்தின ஆட்கள் துப்பிய வெற்றிலையும் சோறும் அடைத்துக்கொண்டு தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது. இவ்வளவு நல்ல சரக்கு கையில் இருக்கிறது, கேட்க ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன், எழுத்துக் கோணல்மாணலாகத்தான் இருக்கும். நீ என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை என்பது இதில் ஒரு வசதி.

நீ தறி ஓட்டினாய், நான் லோடு ஆட்டோ ஓட்டினேன். உன் வீட்டுச் சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருகிற நாளெல்லாம் நமக்குத் தீபாவளி. இறக்கின இடத்தில் எது பேர்போன கடையோ அங்கே போய் உட்கார்ந்துவிடுவோம். உட்கார்ந்ததும் நீ தண்ணீர் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்ப்பாய். "தண்ணி நாறுனா எல்லாம் நாறும் மச்சான்" என்பாய். சில கடைகளில் டம்ளரை வைத்த கையோடு எழுந்து வெளியே நடந்துவிடுவாய். பின்னாலேயே நானும் அசடு வழிந்துகொண்டு வரவேண்டும்.

கடைக்காரருக்குத் தெரியாமல் குறை சொல்வதற்காக உங்கள் வீட்டுத் தெலுங்கில் எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பாகலேது. நல்லாயில்லை. ஒருநாள் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் நீ என்னைப் பார்த்து "பாகலேது" என்றாய். நானும் பெரிய பண்டிதன் மாதிரி "பாகலேது, பாகலேது" என்றேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவர் தெலுங்கிலேயே பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. உன் முகம் சுருங்கி உளுந்து அளவுக்குப் போய்விட்டது.

"என்னடா சொல்றாரு?" என்றேன்.

"சாப்பிடுலே. பேசாமச் சாப்பிடு."

வெளியே வந்த பிறகுதான் சொன்னாய், அவர் உன் மாமனாருக்குப் பங்காளி முறை என்று. ஊரில் பாதிப்பேர் வீட்டில் பேசுகிற பாஷையில் ரகசியம் பேசின ஆள் இந்த வட்டாரத்திலேயே நீ ஒருத்தன்தான். அந்தச் சாம்பார் இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது. பருப்பு தீய்ந்து, தீய்ந்ததை மறைக்க வெல்லம் போட்டு, வெல்லத்தை மறைக்க மிளகாய்ப் பொடியைக் கொட்டியிருந்தார் அந்தப் பங்காளி.

அப்புறம் உனக்குக் கிட்னி சுருங்கிப்போனது. விருதுநகருக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும், உப்பு ஆகாது, கறி ஆகாது, தேங்காய் ஆகாது, குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்து குடிக்கவேண்டும் என்றார்கள். டாக்டர் ஆகாதவற்றைச் சொல்லச் சொல்ல நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே, சாமான் எல்லாவற்றையும் ஜப்தி பண்ணிக்கொண்டு போகும்போது வீட்டுக்காரன் பார்க்கிற பார்வை அது.

"நான் திங்காட்டி என்ன, நீ தின்னுட்டு வந்து சொல்லு" என்றாய். சரி என்றேன். புத்தி வேண்டாமா எனக்கு. விருதுநகரில் லோடு இறக்கிவிட்டு எண்ணெய்ப் பரோட்டா தின்றதை, ஓரம் நொறுங்குவதையும் நடு மெத்தென்று இருப்பதையும் சால்னாவில் ஊறி அது இளகுவதையும் ஒன்றுவிடாமல் உன் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். மறுநாள் வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், அங்கே கிடைத்த ஒரு நாறல் பரோட்டாவை மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு வந்துவிட்டாய்.

விடிவதற்குள் கால் இரண்டும் உரல் மாதிரி வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு நின்றது. என் லோடு ஆட்டோவில் சேலைக் கட்டுகளை அடுக்கி, அதில் உன்னைச் சாய்த்து உட்காரவைத்து மதுரைக்கு ஓட்டினேன். உன் மனைவி ஒரு கையால் உன் தோளையும் மறு கையால் வண்டிக் கம்பியையும் பிடித்துக்கொண்டு வந்தாள். பெரியாஸ்பத்திரி வாசலில் உன்னை உள்ளே கொண்டுபோன பிறகு அவள் என்னிடம் வந்தாள். அழவில்லை.

"அண்ணே, அவுகளுக்கு இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தாங்காதுன்னு டாக்டரு சொல்றாரு. நீங்க வந்து நல்லாருந்துச்சு, நல்லாருந்துச்சுன்னு சொல்லாதீக. நாறுச்சுன்னு சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அன்றையிலிருந்து அதுதான் எனக்கு வேலை. முதலில் பொய்தான் சொன்னேன். ஆனால் உன்னிடம் பொய் நிற்குமா? "வாடை அடிச்சுச்சு" என்றால், "புளிச்ச வாடையா, ஊசின வாடையா?" என்பாய். "ஈ கிடந்துச்சு" என்றால், "ரசத்துலயா மோர்லயா?" என்பாய். சரி, உண்மையாகவே நாறுகிற கடையாகப் பார்த்துத் தின்றுவிட்டு வந்தால்தான் இவனுக்குப் பதில் சொல்ல முடியும் என்று இறங்கிவிட்டேன். அதற்கு நம் பக்கத்தில் என்ன பஞ்சம்?

நரிக்குடியில் தின்ற பிரியாணி, சோறு சுவருக்கு அடிக்கிற மஞ்சள். கோழித்துண்டைப் பிட்டால் உள்ளே ஐஸ் இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "வெயில் காலம்ல, குளிர்ச்சியா இருக்கட்டும்" என்றார் கடைக்காரர். குமாரலிங்கபுரம் தாண்டி ரோட்டோரம் கலர் லைட்டுப் போட்ட கடையில் காலிஃபிளவர் வறுவல் தின்றேன். நாக்கு சிவந்ததும் மறுநாள் வரைக்கும் சிவந்தே இருந்ததும் உனக்குத் தெரியும், நீட்டிக் காட்டினேனே. திருச்சுழியில் தாலுகா ஆபீசுப் பக்கம் ஒரு டீக்கடை. வடை போடுகிற எண்ணெயைப் பார்த்தேன். என் வண்டியில் மாற்றி ஊற்றுகிற பழைய ஆயில் அதைவிடத் தெளிவாக இருக்கும். வடையைப் பேப்பரில் வைத்து அழுத்திக் கொடுத்தார்கள். அழுத்தின அழுத்தில் யாரோ ஒரு மணமகன் தேவை விளம்பரம் வடையில் பதிந்துவிட்டது.

"மாப்பிள்ளையத் தின்னுட்டு வந்திருக்க" என்று சொல்லி நீ இருமி இருமிச் சிரித்தாய். உவ்வே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே உப்பில்லாத கஞ்சியைக் கையில் வாங்கினாய். "அந்தக் கருமத்துக்கு இது எம்புட்டோ தேவல" என்று சொல்லிக் கடைசி மடக்கு வரைக்கும் குடித்தாய். அடுப்படி வாசலில் நின்ற உன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்ப்பாள். அந்தக் கஞ்சி உள்ளே இறங்குவதற்காகத்தான் நான் ஊர் ஊராக நாறலைத் தின்றேன். என் வீட்டில் அதற்கு மரியாதை இல்லை. "காசு குடுத்து வாந்தி வாங்கிட்டு வாரீக" என்றாள் என் வீட்டுக்காரி.

திருச்சுழி ரோட்டுத் தகரக் கொட்டகைக்கு மட்டும் நான் போகவில்லை. கருவேலங்காட்டு ஓரத்தில், விறகடுப்பில் ஒரு பொம்பளை குடல் குழம்பு வைத்து விற்கிறாளே, நாம் தட்டில் ஒட்டினதைக்கூட வழித்துத் தின்ற இடம். அங்கே போனால் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஒருநாள் வண்டி அவள் கடைக்கு எதிரிலேயே நின்று தொலைத்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். வாடை ரோட்டைத் தாண்டி வந்து என் காலரைப் பிடித்து இழுத்தது. போய் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். வேறு கடை ஒன்றைச் சொல்ல வாயைத் திறக்கும்போதே, "கையக் காட்டு" என்றாய். சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். நீ என் விரல்களை மூக்கோடு வைத்து இழுத்தாய்.

"குடலு."

"ஆமா. தெரியாம உக்காந்துட்டேன் மாப்ள. அவ கடையும் கெட்டுப்போச்சு. குழம்புல முடி."

"எம்புட்டு நீளம்?"

"ஒரு மொழம் இருக்கும். இழுக்க இழுக்க வருது."

உன் வயிறு சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தது. அடுப்படிக்குக் கேட்காத குரலில் சொன்னாய்: "ஏலே, அவ மக பிரசவத்துக்கு வேண்டிக்கிட்டு இருக்கன்குடி மாரியாத்தா கோயில்ல போயி மொட்டை போட்டுட்டு வந்திருக்கா. நேத்து இந்த வழியா வந்து என்னையப் பாத்துட்டுப் போனா. மண்டை பளபளன்னு இருந்துச்சுலே."

அந்தத் துண்டு வெயிலுக்கு என்று நினைத்துவிட்டேன். நீ என் கையை விடவில்லை. இன்னொரு தடவை முகர்ந்தாய், இந்தத் தடவை மெதுவாக. உன் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அப்போது பயமாக இருந்தது, இந்த ஆள் மறுபடியும் செருப்பை மாட்டிவிடுவானோ என்று.

நீ கையை விட்டாய். அடுப்படிப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாய்.

"சீ, என்ன நாத்தம். கடையில மனுசன் திம்பானா? ஏத்தா, அந்தக் கஞ்சியக் கொண்டா."

அவள் கொண்டுவந்தாள். நீ குடித்தாய். அவள் முகம் தெளிந்தது. அத்தனை நாளும் நான் உன்னை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். நீ எல்லாம் தெரிந்தே அவளுக்காக என்னை விட்டுப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதன் பிறகு நீ ரொம்ப நாள் இருக்கவில்லை. ஆனால் கடைசி வரைக்கும் செருப்பை மாட்டவில்லை.

இப்போது என் பாட்டைக் கேள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் என் மூக்கு முதலில் குப்பைத் தொட்டி எங்கே என்று பார்க்கிறது. நல்ல தோசையைத் திருப்பிப் போட்டுக் கருகின இடத்தைத் தேடுகிறேன். கல்யாண வீட்டில் பாயசத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்ததைப் பெண்ணுக்கு அப்பன் பார்த்துவிட்டு "என்னண்ணே விழுந்துருச்சு?" என்று பதறினான். டம்ளரை முகர்ந்து பார்க்கிற பழக்கமும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. நாறினால் உன்னைப்போல எழுந்து போகத் தெரியவில்லை, உட்கார்ந்து முழுசாகத் தின்றுவிட்டுத்தான் எழுகிறேன். இன்றைக்கும் அந்தப் பஸ் ஸ்டாண்டுப் பரோட்டாவை மிச்சம் வைக்காமல் தின்றேன். வயிறு இப்போது வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

போன மாசம் தகரக் கொட்டகைக்குப் போனேன். நீ போன இந்த மூன்று வருசத்தில் அதுதான் முதல் தடவை. ஒரு வாய் வைத்ததும், "என்னண்ணே, நல்லாருக்கா?" என்றாள். பழக்கதோஷம், "நாறுது" என்று வாயில் வந்துவிட்டது. அவள் அகப்பையோடு நின்றுவிட்டாள். பக்கத்து ஆள் தன் தட்டைக் குனிந்து பார்த்தார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் ஆதியோடந்தமாக அவளிடம் சொன்னேன். மொட்டைக் கதைக்கு வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்த கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். எழுந்து வந்து இன்னொரு அகப்பை ஊற்றினாள். "இது அவுகளுக்கு" என்றாள்.

என் கையை முகர்ந்த அன்றைக்குக் குழம்பு எப்படி என்று நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. இப்போது கஞ்சி கெட்டுப்போகப் போவதில்லை, சொல்லிவிடுகிறேன். நல்லாருந்துச்சு மாப்ள. மிளகு தூக்கலாக, குடல் வெண்ணெயாக வெந்து, ரொம்ப நல்லாருந்துச்சு. இப்போதும் அப்படியேதான் இருக்கிறது.

அவளுக்கு முடி வளர்ந்து, கொண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. ஒரு முழம் தாராளமாக இருக்கும். நானும் ஒவ்வொரு தடவையும் குழம்பைக் கிளறிக் கிளறிப் பார்க்கிறேன், ஒன்றுகூட விழமாட்டேன் என்கிறது.