சூட்டோடு அடைச்ச கருவாடு

செவ்வாய், இரவு.

டவுன் கடைக்கார நானா என்ட கருவாட்டுப் பைகள் எல்லாத்தையும் திருப்பித் தந்துட்டார். "உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிச்சிருக்கு தங்கச்சி. இனிக் கொண்டு வராதீங்க" எண்டார்.

சின்னப் பைகள்ல அடைச்சு வித்தா நல்லாப் போகும் எண்டு புத்தளத்தில வகுப்புக்குப் போய்ப் படிச்ச யோசனை அது. ஆனா என்ட கை காலமெல்லாம் சாக்கில அள்ளிப் போட்டுப் பழகின கை. வெயில்ல காய்ஞ்ச சூட்டோடயே பையில போட்டு ஒட்டிட்டேன். சாக்கு எண்டா சூடு வெளிய போயிரும். பைக்குள்ள கருவாடு வேர்த்துப் போச்சு.

இதைச் சொல்லித் தரவே இல்லையே எண்டு அந்த டீச்சரைப் பகல் முழுக்க மனசுக்குள்ள ஏசினேன். இப்பத்தான் வகுப்புக் கொப்பியைத் திறந்தேன்.

"நல்லா ஆறின பிறகுதான் அடைக்கணும்."

என்ட எழுத்துத்தான். மறந்துடக் கூடாதெண்டு அடியில ரெண்டு கோடும் போட்டு வச்சிருக்கேன்.