உங்கள் அண்ணன் உட்கார்ந்த நாற்காலி

என் தமயந்தி அக்காவுக்கு,

கோவில்பத்து முக்கில் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருக்கிறார்கள். பட்டுப்புடவை கட்டி, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறீர்கள். நீங்கள் என்றைக்கு யாரைக் கும்பிட்டீர்கள்? முகத்தை மட்டும் வெட்டி வேறு யார் உடம்பிலோ ஒட்டியிருக்கிறார்கள். கீழே வரிசையாக இருக்கும் பெயர்களில் பாதிப் பேர், நீங்கள் இருந்தபோது உங்களை மேடையேற விடமாட்டோம் என்று குதித்தவர்கள். தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பேனரை வைத்தே நீங்கள் அரைமணி நேரம் பேசியிருப்பீர்கள். இப்போது யார் பேசுவது?

காய்ச்சல்தானே என்று படுத்தவர் எழவே இல்லை. செய்தி நம் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது பாதிப் பேர் சிரிக்கிற பொம்மையைத் தட்டிவிட்டார்கள், தெரியுமா? உங்கள் புது ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். சாவை வைத்து விளையாடாத ஆளா நீங்கள்? கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பொம்மைகள் ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு நினைவுக் கூட்டம் நடத்தினோம். மண்டபக்காரர் சாவியைக் கொடுக்கும்போதே, "சிரிக்காம நடத்துங்கம்மா, ஊரு ஒரு மாதிரி இருக்கு" என்றார். திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் சனியைத் தொலைத்துவிட்டுத் திரும்பும் வழியில் பிராந்திக் கடையில் நின்று அதைக் கொண்டாடுகிறார்கள் என்று நீங்கள் சொன்னதை ஊர் இன்னும் மறக்கவில்லை. கூட்டத்தைக் கலைக்க ஆள் வருகிறது என்று மத்தியானமே பேச்சு கிளம்பிவிட்டது. நம் ஊர்ப் போலீஸுக்கே உரிய சிவப்புத் தொப்பியோடு ஒருவர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். யாரைக் காப்பாற்ற வந்தார் என்று எங்களுக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

நான் பயந்தது அந்த ஆட்களுக்கு இல்லை அக்கா. உங்கள் அண்ணனுக்கு.

உங்களுக்குத் தெரியாததா, ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. உங்கள் பேச்சிலேயே அதிகம் பரவியது அண்ணன் கதைதான். பெண் பார்க்க வந்தவர்களிடம் தங்கை மேடையில் ஜோக் சொல்கிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, டீச்சர் என்று சொல்லிவிடுகிறார் அண்ணன். என்ன பாடம் என்று கேட்கிறார்கள். "நன்னெறி" என்கிறார். மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க, ஒரு நீதிக்கதை சொல்லும்மா" என்கிறார். நீங்கள் ஆரம்பிக்கிறீர்கள்: "ஒரு ஊர்ல ஒரு அண்ணன் இருந்தான். பொய்யே சொல்ல மாட்டான்." மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். எத்தனை முறை கேட்டிருப்பேன்! ஒவ்வொரு முறையும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் அண்ணன் எனக்குப் போன் செய்தார். உங்கள் வீடியோ சேனலின் பாஸ்வேர்டு என்னிடம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "அந்த வீடியோவை அழிச்சிடு. இல்லேன்னா கூட்டம் நடக்காது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நீங்கள் இனி ஒரு வார்த்தை புதிதாகப் பேசப்போவதில்லை. இருப்பதில் ஒன்றை எப்படி அழிப்பேன்? அவர் கேட்பதை எப்படி மறுப்பேன்? இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன், விடிந்தும் அழிக்கவில்லை.

மேடையில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வழக்கம்போல கோபக்காரர் நாற்காலியைப் போட்டிருந்தோம். உங்கள் பேச்சில் யாருக்குக் கோபம் வந்தாலும் அதில் வந்து உட்காரலாம், மைக் அவர் கைக்குப் போகும், அவர் முடிக்கும்வரை ஒருவரும் வாயைத் திறக்கக்கூடாது. முடித்ததும் நீங்கள் ஒரே கேள்வி கேட்பீர்கள்: "நான் சொன்னது பொய்யா?" பொய் என்றால் அந்த ஜோக்கை இனி சொல்லமாட்டேன் என்பது உங்கள் வாக்கு. கீழே இருந்து கத்தியவர்கள் உண்டு, செருப்பைக் காட்டியவர்கள் உண்டு. நம் ஊரில் ஒருவர்கூட மேலே வந்து உட்கார்ந்ததில்லை.

கூட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார், கூடவே சொந்தக்காரர்கள் இரண்டு பேர். மண்டபம் நிரம்பியிருந்தது. நின்று சுற்றிலும் பார்த்தார். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால், அது வீட்டு ஆளுக்கு என்றுதானே யாரும் நினைப்பார்கள்? விறுவிறுவென்று மேடையேறி அதில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

விதி விதிதான். மைக்கை எடுத்துப்போய் நீட்டினேன்.

"இதை ஏம்மா என்கிட்ட நீட்டுறே?"

"இதுல உக்காந்தவங்கதாங்கண்ணே பேசணும். கோவம் உள்ளவங்களுக்குப் போட்ட நாற்காலி."

கோபத்தில் முகம் கறுத்துப்போனது. எழுந்துவிடுவார், அதோடு கைகலப்புதான் என்று நினைத்தேன். அவர் எழவில்லை. மைக்கை வெடுக்கென்று பிடுங்கினார்.

"கீழவாஞ்சூர் லாரி ஆபீஸ்ல என் பேரு இப்ப நன்னெறி. டிரைவர் போன் பண்ணி, 'நன்னெறி சார், வண்டி எப்ப கிளம்பும்'னு கேக்குறான். என் பொண்ணுக்கு வரன் பாக்குறேன். வர்றவன் எல்லாம் என்னைப் பாத்ததுமே சிரிக்கிறான். லாரி ஆபீஸ்ல வேலைன்னு உண்மையைச் சொன்னாக்கூட, எங்க, சம்பளச் சீட்டைக் காட்டுங்கிறான்."

பின்னால் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார்.

"சிரிங்க, சிரிக்கத்தானே வந்துருக்கீங்க. அவ செத்த அன்னிக்குப் பந்தல்ல ஒருத்தன் என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'நீங்கதானே அந்த அண்ணன்'னான். சிரிச்சுக்கிட்டே கேக்குறான்யா. என் தங்கச்சி உள்ள கெடக்குறா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அப்போது என்ன செய்திருப்பீர்கள் அக்கா? உங்கள் கேள்வியை யாராவது கேட்டாகவேண்டும். நான்தான் கேட்டேன்.

"அக்கா சொன்னது பொய்யாண்ணே?"

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"பொய்தான். நான் நன்னெறின்னு சொல்லல. கணக்கு டீச்சர்னுதான் சொன்னேன். நீதிக்கதையும் எவனும் கேக்கல. மாப்பிள்ளையோட அப்பன் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டான். இவ முழிச்சா. நான் அடுப்படி வாசல்ல நின்னு வாயசைச்சுக் காட்டுனேன்." கொஞ்சம் நிறுத்தினார். "தப்பாக் காட்டிட்டேன்."

அந்த நிறுத்தம் அச்சு அசல் நீங்கள் நிறுத்துகிற நிறுத்தம்! மண்டபமே வெடித்துச் சிரித்தது. போலீஸ்காரர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் திடுக்கிட்டு எங்களைப் பார்த்தார். திரும்பி உங்கள் படத்தைப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் நான் போனை எடுத்து வீடியோவைத் திறந்தேன். பொய் என்றால் இனி சொல்லமாட்டேன் என்பது உங்கள் வாக்கு, வீடியோ இருந்தால் அது சொல்லிக்கொண்டேதானே இருக்கும். அழுதுகொண்டேதான், "இப்பவே அழிச்சிடுறேங்கண்ணே" என்றேன். அழிக்கவா என்று கேட்டு நின்ற திரையை அவரிடமே காட்டினேன். அதில் நீங்கள் வாயைத் திறந்தபடி பாதிச் சிரிப்பில் நின்றுகொண்டிருந்தீர்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாச் சிரிக்கிறா" என்றார். அப்புறம், "இருக்கட்டும். கீழ ஒரு வரி எழுதிடு. அண்ணன்காரன் கணக்குன்னுதான் சொன்னான்னு எழுது" என்றார்.

"சரிங்கண்ணே."

"கோவம் போயிட்டுன்னு நெனைக்காத."

மேடையிலிருந்து இறங்கிவிட்டார். டீகூடக் குடிக்கவில்லை. வாசல்வரை போனவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "நான் வாயசைச்சதை அவ எங்கயும் சொல்லலையாம்மா? ஒரு தடவகூடவா?"

இல்லை என்று தலையாட்டினேன். ஊரில் ஒருத்தரையும் விடாமல் மேடையில் இழுத்தவர் நீங்கள். அதைவிட நல்ல ஜோக் கையிலேயே இருந்தும் ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? அது உங்கள் இருவருக்கு மட்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டீர்களா?

அவர் கேட்ட வரியை அன்றைக்கே எழுதிவிட்டேன். ஒவ்வொரு வருடமும் கூட்டம் போடுவோம், உங்கள் பக்கத்தில் அந்த நாற்காலியையும் போடுவோம். இது சத்தியம். அண்ணன் வண்டியை எடுக்கும்போதே சொல்லிவிட்டேன், "அடுத்த வருஷமும் கோவம் இருந்தா வாங்கண்ணே" என்று.

"இருக்கும்மா" என்றார்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
கோவில்பத்து சுகந்தி