மாப்பிள்ளை இருமினால் எழுந்திருக்கும் அத்தை

என் தையல்நாயகிக்கு,

நீ இருக்கும் இடத்திலும் மழை பெய்கிறதா? ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கால்வாய் நிரம்பி வழிகிறது. அந்தக் கால்வாயைக் கடக்கப் போட்ட பலகையில்தான் உன் அம்மா சறுக்கினார். பதறாதே, கடைசி வரை கேள்.

விழுந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. ஈரப் பலகையில் கால் வழுக்கித் தொப்பென்று உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதற்கே இடுப்பெலும்பு விரிசல் விட்டுவிட்டது. பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா போட்ட கூச்சலில் நான் ஓடிப்போய்த் தூக்கினேன். நீ பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை எதிரே வந்தாலே கதவுக்குப் பின்னால் மறைகிற மனுஷி, மாப்பிள்ளை கையில்! அந்த வலியிலும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கோழியைக் கூப்பிட்டார். "கோழி, மாப்பிள்ளைய மெதுவா நடக்கச் சொல்லு. வலி உயிர் போவுது."

கோழிக் கதை உனக்குத் தெரியாதே. நீ இருந்தவரை எங்கள் இருவருக்கும் நடுவே பேச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நீ. குளிர்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு அத்தை என்ன செய்வார்? மாப்பிள்ளையிடம் நேரே பேசுகிற வழக்கம் உங்கள் வீட்டில் ஏது? நீ வளர்த்த சிவப்புக் கோழியிடம் சொல்ல ஆரம்பித்தார். "கோழி, சோறு ஆறுதுன்னு சொல்லு." நானும் கோழியிடமே பதில் சொன்னேன். அது பாட்டுக்கு அரிசி கொத்திக்கொண்டிருக்கும். எப்படியோ வீடு நடந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து இடுப்பை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். "வயசான எலும்பு, அப்பளம் மாதிரி ஆயிருக்கு. இந்த எடத்துல கட்டுப் போட முடியாது, தானா ஒட்டிக்கணும். ஆனா வலி கொஞ்சம் அடங்கினதும் உக்கார வச்சிடுங்க. படுத்தே கெடந்தா முதுகு புண்ணாகும், நெஞ்சுல சளி கட்டும். வயசானவங்க அதுலதான் போயிடுறாங்க" என்றார். பிடித்து எழுந்திருக்க வசதியாகக் கூரை விட்டத்தில் ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டுப் போனார்.

இது போதாதென்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் வந்தார். கித்தா ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் ஆட்களைக் குறைக்கிற காலம் இது. வேலைக்கு ஆகாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள். "பிள்ளைக் கொட்டகைக்கு ஆயா வேணும். கெழவி எழுந்து நடந்தா இருக்கட்டும். இல்லேன்னா அடுத்த கப்பலுக்குப் பேரைக் குடுத்துடுவேன்யா, தொரை உத்தரவு" என்றார். நாகப்பட்டினத்தில் இறங்கி உன் அம்மா யார் வீட்டுக்குப் போவார்? அங்கே யார் மிச்சம் இருக்கிறார்கள்? "அம்மாவ விட்டுடாதீங்க" என்று நீ கடைசியாக என் கையைப் பிடித்துச் சொன்னது காதிலேயே நின்றது.

அத்தையோ எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். அஞ்சலையக்கா கெஞ்சினாள், திட்டினாள். "எம் மவ போன வழியிலயே நானும் போறேன், விடு" என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லயத்துப் பெண்களும் பாவம் பார்த்துப் படுத்தபடியே கஞ்சி ஊட்டினார்கள். நான் மரியாதை, மரியாதை என்று வாசலிலேயே கிடந்தேன். மாமியார் படுத்திருக்கும்போது மாப்பிள்ளை உள்ளே போகலாமா? போகாமல் இருந்ததுதான் தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு காலையில் மரம் சீவும் கத்தியை எடுக்க உள்ளே போகவேண்டியதாயிற்று. என்னைக் கண்டதும் அத்தை பதறிப்போய், முழங்கையை ஊன்றி, கயிற்றை எட்டிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். முந்தானை தலைக்கு ஏறிவிட்டது. ஐயோ பாவம் என்று நான் வெளியே ஓடிவந்தேன். வாசலில் அஞ்சலையக்கா கைகொட்டிச் சிரித்தாள்.

"நாங்க தொண்டை கிழியக் கத்தினோம், அசையல. நீ மூஞ்சியக் காட்டின, ஒக்காந்துட்டாங்க பாரு! போ தம்பி, திரும்பப் போ!"

டிரெஸ்ஸரிடம் சொன்னேன். "அப்ப மருந்து கெடச்சிருச்சு. ரொம்ப வலி எடுத்தா விட்டுடு. இல்லேன்னா போய்க்கிட்டே இரு" என்றார்.

அன்றிலிருந்து உன் புருஷனைப் போல ஒரு மறதிக்காரன் இந்தத் தோட்டத்திலேயே இல்லை. நெருப்புப்பெட்டி, வெற்றிலை, துண்டு எல்லாம் உள்ளேதான் கிடக்கும். வாசலில் ஓர் இருமல், பிறகு உள்ளே. அத்தை வலியில் முகம் சுளிக்கும்போது, உன் அம்மாவை இப்படிப் பாடாய்ப் படுத்துகிறேனே என்று மனசுக்குள் உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இருமுவேன்.

உட்காரப் பழகியவர், கயிற்றைப் பிடித்து நிற்கப் பழகினார். பிறகு அஞ்சலையக்கா முக்காலியை முன்னால் வைக்க, அதைத் தள்ளித் தள்ளி இரண்டெட்டு வைத்தார். ஒருநாள் நான் உள்ளே இருக்கும்போதே கோழியிடம் கேட்டார்: "ஏன் கோழி, ஒரு மனுசன் ஒரே நெருப்புப்பெட்டிய எத்தன வாட்டிதான் தொலைப்பாரு?"

எல்லாம் தெரிந்துதான் எழுந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. நெருப்புப்பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

கப்பலுக்குப் பேர் எடுக்கிற நாளும் வந்தது. மத்தியானம் வேலை முடிந்ததும் ஓட்டமாக ஓடிவந்தேன். வாசலில் இருமினேன். உள்ளே அரவம் இல்லை. எட்டிப் பார்த்தால் பாய் காலி. நான் இல்லாத நேரம் பார்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களா? "அத்தே!" என்று கத்திவிட்டேன். அவரை நான் வாய்விட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கோழி, கிராணி வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. நாளையிலேருந்து பிள்ளைக் கொட்டகைக்கு வரச் சொல்லிட்டாரு. மாப்பிள்ளைய சாப்பிட ஒக்காரச் சொல்லு."

கதவோரத்தில் நாலு விரல் மட்டும் தெரிந்தது. இருமி இருமி உள்ளே போய் நான் பார்த்துக்கொண்டிருந்த முகம், பழையபடி கதவுக்குப் பின்னால் போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன், தையல்நாயகி.

இன்னும் விந்தித்தான் நடக்கிறார். மழை நாளில் இடுப்பு குடைகிறதாம், கோழி சொன்னது. கால்வாய்ப் பலகையை எடுத்துவிட்டுக் கைப்பிடி வைத்துப் பாலம் போட்டிருக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு. என் உடம்பில் உயிர் இருக்கும்வரை உன் அம்மாவை விடமாட்டேன். இருமாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டேன். அந்தக் கோழியைக் குழம்பு வைக்க யாரையும் விடமாட்டேன்.

இன்றைக்கும் உன் அம்மாவுக்கு மாப்பிள்ளையாகவே இருக்கும்
உன் வீட்டுக்காரன்